இடது காதுக்குக் கீழே

இடது காதுக்குக் கீழே, ஒரு அங்குலம் தள்ளி, மிளகளவு கறுப்பு மச்சம். அது தன் மகளுடையதா, அந்தப் பெண்ணுடையதா? ஏட்டு தவசிலிங்கத்துக்கு இப்போது உலகத்தில் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். அதுதான் தெரியவில்லை. காலை பத்தே முக்கால் டவுன் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம், ஆனாலும் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. காக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் உட்காருவதென்றால் நம் ஜனங்களுக்கு அப்படியொரு பிரியம். ஒரு அம்மாள் காய்கறிக் கூடையை மட்டும் அங்கே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை மூடினார். மூடியதும் காது வந்தது. தோடு இல்லாத காது, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகிய காது, பின்னலை ஒதுக்கினால் அதற்குக் கீழே மச்சம். இதில் சந்தேகமே இல்லை, இது அந்தப் பெண்ணின் காது, இதைக் கோடு கோடாக வரைந்துகூடக் காட்டுவார். சரி, தாரணி காது எப்படி இருக்கும்? சொந்த மகள் காது. பதினைந்து வருஷமாக வீட்டுக்குள் நடமாடுகிற காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிவப்புக்கல் தோடு வாங்கிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, கடைக்காரர் கொடுத்த சின்ன டப்பா ஞாபகம் இருக்கிறது. தோட்டுக்குப் பின்னால் காது இல்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது. கண்ணைத் திறந்து எதிர் சீட்டின் முதுகில் யாரோ ஆணியால் கீறியிருந்த பெயரை வாசித்தார்.

காலையில் எட்டு மணிக்கு அவள் ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விவரப் படிவம், இன்றைக்குக் கடைசி நாள், பெற்றோர் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, எல்லாம் எழுதினார். கடைசியில் அங்க அடையாளங்கள், இரண்டு. அந்த இடத்துக்கு வந்ததும் பேனா ஒரு கணம்கூட நிற்கவில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டு, நிமிராமலே நீட்டினார். அவளும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஓடினாள். பத்து மணிக்கு ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு பழைய கட்டை எடுத்துக் கொடுத்து, தவசி, இது கோர்ட்டுக்குப் போகணும், ஒரு நகல் போட்டுரு என்றார். நாற்பத்தொரு நாள் பழைய பிரேத விசாரணை அறிக்கை. புரட்டினார். தன் கையெழுத்து. அங்க அடையாளங்கள். ஒன்று, இடது காதுக்குக் கீழே ஒரு அங்குலத்தில் கறுப்பு மச்சம். இரண்டு, வலது முழங்கையில் பழைய தழும்பு. காலையில் எழுதிய அதே இரண்டு வரி, அதே வளைவு, அதே முற்றுப்புள்ளி. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. பல் வலி, தாங்கல, ஒரு மணி நேரத்தில் வந்துடறேன் என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

வண்டி இருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கிறது. கார்புரேட்டரில் கோளாறு என்று வளர்மதியிடம் சொல்லி வைத்திருக்கிறார். நாற்பத்தொரு நாளாக எந்தக் கார்புரேட்டரும் கோளாறாக இருக்காது என்பது கான்ஸ்டபிள் பெண்டாட்டியாக வந்து ஏட்டு பெண்டாட்டியாக ஆனவளுக்குத் தெரியாதா. தெரியும். கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை, அது ஒரு மாதிரி ஒழுங்காகவே ஆகிவிட்டது. மச்சம் இரண்டு பேருக்கும் இருக்கலாமே? இருக்கலாம். மச்சம் என்ன, அரசாங்கம் ஒருத்தருக்குத்தான் என்று ஒதுக்கிக் கொடுத்ததா. தாரணிக்கும் அதே இடத்தில் இருந்து, அதனால்தான் அன்றைக்கு மார்ச்சுவரியில் அந்த மச்சத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாரோ? அப்படியானால் காலையில் எழுதியது சரி, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அப்படியானால் இரண்டு பேருக்கும் ஒரே மச்சம். அது எப்படிச் சரியாகும். தழும்பு? தாரணி முழங்கையில் தழும்பு இருக்கிறதா? சைக்கிள் பழகும்போது விழுந்தாள், முழங்கையா முழங்காலா? எந்தப் பக்கம் போனாலும் யோசனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்தக் காதடியிலேயே வந்து நின்றது.

எல்லாம் இந்தக் கையெழுத்தால் வந்தது. தவசிக்கு முத்து முத்தான கையெழுத்து என்று ஆய்வாளர்கள் மாறி மாறிச் சொன்னார்கள், அதற்குக் கிடைத்த பரிசு, ஸ்டேஷன் எல்லையில் யார் எப்படிச் செத்தாலும் எழுதப் போவது தவசி. பன்னிரண்டு வருஷம். நான்குவழிச் சாலை வந்த பிறகு மாசத்துக்கு ஐந்து, ஆறு. பிரேதம் தலை வடக்கிலும் கால் தெற்கிலுமாக, மல்லாந்த நிலையில். அப்படித்தான் தொடங்க வேண்டும். திசை முதலில், பிறகு நிலை, பிறகு தலையிலிருந்து பாதம் வரை, உடுப்பு, அடையாளம். அந்த வரிசை இருக்கிறவரைக்கும் பயம் இல்லை. வரிசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு, அடுத்த கட்டத்துக்கு என்று போய்க் கடைசியில் பஞ்சாயத்தாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது, வீட்டுக்குப் போய்க் கொல்லையில் தலையோடு குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம். பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தார், சோறும் இறங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்தப் பெண்ணுக்கு எழுதி நாலாம் நாள், தாரணி கூடத்தில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை கிழக்கில், கால் மேற்கில், ஒருக்களித்த நிலையில், வலது கை தலைக்கு அடியில், நீலப் பூப்போட்ட நைட்டி. மனம் எழுதிக்கொண்டே போனது. நிறுத்த முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றையிலிருந்து அவளை நேராகப் பார்ப்பதில்லை. பார்த்தால் வரிசை தொடங்கிவிடும். அவள் குரலைக் கேட்பார், செருப்பைப் பார்ப்பார், கொடியில் காய்கிற யூனிபாரத்தைப் பார்ப்பார். பாதம் வரைக்கும் பார்க்கலாம், அதற்கு மேல் கண்ணைத் தூக்கக் கூடாது. மகள் இருக்கிற வீட்டில் மகளைப் பார்க்காமல் இருப்பது பெரிய வேலை, ஸ்டேஷன் வேலையை விடப் பெரிய வேலை. எஸ்.ஐ. சின்னப் பையன், நல்லவர்தான், ஒரு குவார்ட்டர் போட்டுட்டுப் படுங்க ஏட்டையா என்று யோசனை சொன்னார். போட்டுப் பார்த்தார். மற்றதெல்லாம் மங்கிப்போய் காது மட்டும் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. போன மாசம் மன அழுத்தம் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுக்க வேண்டும், நாலு எண்ணும்வரை பிடிக்க வேண்டும், நாலு எண்ணி விட வேண்டும். மத்தியானம் தக்காளிச் சாதப் பொட்டலம். யாருக்காவது ஏதாவது கேட்கணுமா என்று வகுப்பு எடுத்த டாக்டரம்மா கேட்டபோது முந்நூறு பேரும் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் மூச்சு நின்றது. பஸ் பைபாஸில் ஏறியிருந்தது. இடது பக்கம் பார்க்கக் கூடாது, புளியமரத்துக்கு எதிரே, சாலை நடுவில் சுவர் விட்டுப்போன இடம் வரும். வந்தது. பார்த்தார். ஒன்றுமில்லை, அரளிச் செடி, ஒரு ஆடு. அங்கேதான் அந்தப் பெண், தன் மாமாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனவள், லாரியில் அடிபட்டாள். மாமனுக்கு நினைவு இல்லை, அவரை ஒரு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், பிறகு பிழைத்துக்கொண்டார். இவளுடைய புத்தகப் பை எங்கே போனதென்று தெரியவில்லை. அடையாளம் தெரியாத பெண், வயது சுமார் பதினைந்து. மார்ச்சுவரியில் தவசிலிங்கம் எழுதிக்கொண்டிருக்கும்போது, சாலையில் கிடந்து அவர் எடுத்து வைத்திருந்த மாமனுடைய போன் அவர் சட்டைப் பையில் அடித்தது. அக்கா என்று காட்டியது. இதற்கும் ஒரு முறை இருக்கிறது, போனில் சாவைச் சொல்லக் கூடாது, சின்ன ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே சொன்னார். அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது, தம்பியா, பிள்ளையா, யாருக்கு என்ன என்று ஒரே வாக்கில் கேட்டாள். பொண்ணுக்கு ஏதாவது அடையாளம் சொல்லுங்கம்மா, இங்க ரெண்டு மூணு பேரு இருக்காங்க என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார்.

"இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம் சார். இருக்கா?"

பின்னலை ஒதுக்கினார்.

"இருக்கும்மா."

அவள் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களிடம் கத்தினாள், இருக்காளாம், எம்புள்ள இருக்காளாம் என்று. யாரோ சாமி பேரைச் சொன்னார்கள். யாரோ அழுதார்கள், சந்தோஷத்தில் அழுகிற அழுகை. தவசிலிங்கம் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். மச்சம் இருக்கும்மா, மச்சம்தாம்மா என்று சொல்ல வேண்டும். இல்லம்மா என்று ஒரு சொல். வாய் வரைக்கும் வந்தது. எஸ்.ஐ. தூரத்திலிருந்து கையைக் காட்டினார், கட் பண்ணுங்க என்று. கட் பண்ணினார். கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். எழுபது நிமிஷத்தில் எழுபது தடவை கூப்பிட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார்? படிவத்தை எழுதி முடித்தார், அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்த அம்மாள் வந்து இறங்கியபோது ஒரு கையில் மகளுக்கு மாற்று உடுப்பு, இன்னொரு கையில் பால் பிளாஸ்க். இவரைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கதான் பேசினீங்களா சார் என்று கேட்டு, பிளாஸ்க்கோடு சேர்த்துக் கும்பிட்டாள். பிரேத விசாரணை அறிக்கையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் மெதுவாகப் போனது. எழுதியது எழுதியதுதானே என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது, துரத்தத் துரத்தப் போகாமல். அடையாளம் என்று எதற்கு எழுதுகிறார்கள்? நாளைக்கு ஒரு வேளை வந்தால் பார்த்துச் சொல்வதற்கு. செத்தவளின் அடையாளத்தை உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பெற்ற தகப்பனே எழுதி, கையெழுத்தும் போட்டு, போய்ட்டு வா என்று அனுப்பியிருக்கிறான். இத்தனைக்கும் அவர் சகுனம் பார்க்கிற ஆளே இல்லை, பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டு நிற்கிற மனுஷன். ஆனால் இது வேறு. இது கையெழுத்து. அந்தக் காகிதம் ஆபீசுக்குள் போய்ச் சீல் விழுவதற்குள் பிடுங்கிவிட வேண்டும். பள்ளிக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் சாலையின் நடுச்சுவரில் விட்ட இடைவெளி வழியாகத்தான் கடக்கிறார்கள். காலையில் கடந்திருப்பாள். கடந்தாளா? ஒன்பது மணிக்குப் பிறகு கண்ட்ரோல் ரூமிலிருந்து ஏதாவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் தெரியும். சொல்லும்போது தான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

போனை எடுத்தார். தாரணி போட்டோ ஒன்று இருக்குமே, பிறந்தநாளன்று எடுத்தது. ஆனால் அந்தப் போட்டோவுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும், சம்பவ இடத்துப் படங்களையெல்லாம் ஸ்டேஷன் குரூப்பில் போடச் சொல்லி உத்தரவு, எல்லாம் இதே போனில்தான், கேக்குக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. விரல் தவறினால் தீர்ந்தது. வளர்மதியைக் கூப்பிட்டார். என்ன இந்நேரத்துல, சாப்டீங்களா என்றாள். சாப்டேன் என்றார். தாரணிக்கு, என்று தொடங்கினார். தாரணிக்கு என்ன என்றாள், குரல் உடனே மாறிவிட்டது. காதுக்குக் கீழே மச்சம் இருக்கா என்று கேட்க வேண்டும், நாலு சொல். அந்த நாலாவது சொல்லைத் தன் வாயால் எப்படிக் கேட்பது. அதுவும் அவள் இருக்கு என்று சொல்லிவிட்டால்? ஒண்ணுமில்ல, சாயங்காலம் டியூஷனுக்கு நான் கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகும் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள் என்பது தெரிந்தே இருந்தது.

இறங்கும்போது கண்டக்டர், பாத்து ஏட்டையா என்றார், அவர் தடுமாறியதைக் கண்டிருக்க வேண்டும். சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் நின்றார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஊருக்கே கையைக் காட்டி வண்டியை நிறுத்துகிறவர், இரண்டு பால்காரர்களும் ஒரு கிழவியும் கடந்து போன பிறகும் நின்றார். கடைசியில் ஒரு கன்றுக்குட்டி கடந்தபோது அதோடு சேர்ந்து கடந்தார். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் சல்யூட் வைத்துவிட்டு, என்ன விஷயமோ என்று பயந்தான். பத்தாம் வகுப்பு வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வகுப்பு டீச்சர் ரோஸ்லின், நாற்காலி போட்டு உட்கார்ந்து, படிவத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டு, கழுத்தைத் திருப்பு, எங்கடி உன் மச்சம், எறும்பு கடிச்சதையெல்லாம் மச்சம்னு எழுதிட்டு வந்திருக்கே. பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பனைப் பார்த்ததும் வரிசையிலிருந்து ஒரு ஜோடி ஷூ விலகி அவரை நோக்கி வந்தது. ஷூ, வெள்ளை சாக்ஸ், அரக்குப் பாவாடையின் விளிம்பு. அதற்கு மேல் பார்க்க வேண்டும். இப்போது பார்க்காவிட்டால் இனி எப்போதும் முடியாது. பெல்ட். கையில் அந்தப் படிவம். மடித்துக் கட்டிய பின்னல், ரிப்பன், சிவப்புக்கல் தோடு.

தோட்டுக்குக் கீழே மச்சம் இருந்தது.

அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது, உண்மையாகவே. தப்பாக எழுதவில்லை, புத்தி பேதலிக்கவில்லை, பல் வலி என்று சொல்லிவிட்டு வந்ததுதான் மிச்சம். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அதே இடம். அதே அளவு. ஒரு அங்குலம். மார்ச்சுவரி மேஜையில் பார்த்த மச்சம் எழுந்து நடந்து வந்து மகள் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. வராந்தா ஒரு பக்கம் சாய்ந்தது. தூணைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை, அவர் சொல்லாமலே, அந்தக் காதை நோக்கி நீண்டது.

"தொடாதீங்கப்பா," என்றாள் தாரணி, குரலைத் தாழ்த்தி. "அழிஞ்சிரும்."

அவருக்குப் புரியவில்லை.

"பேனா. டீச்சர் ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுப் பாக்குறாங்க. நீங்க எழுதுனது எனக்கு இல்லப்பா. இல்லன்னு சொன்னா எல்லாரும் உங்களைச் சிரிப்பாங்க. அதான் வச்சுக்கிட்டேன்." வலது முழங்கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். "இதுல தழும்புக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல."

தவசிலிங்கம் அவளைப் பார்த்தார். மனம் வரிசையைத் தொடங்கப் பார்த்தது, தலை எந்தத் திசையில் என்று. ஆனால் அவள் தலை ஒரு திசையில் நிற்கவில்லை, டீச்சரைப் பார்த்தது, வரிசையைப் பார்த்தது, அப்பனைப் பார்த்தது. எழுத முடியவில்லை. அவர் பார்க்காத இத்தனை நாளில் கன்னத்தில் இரண்டு பரு வந்திருந்தது. புருவம் வளர்மதி புருவம். இந்தப் பிள்ளை தன் அப்பன் படுகிற பாட்டையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதையும் சேர்த்து. யூனிபாரத்தில் அழக் கூடாது என்று யார் எழுதி வைத்தார்களோ.

"அப்ப இது வேற ஒரு புள்ளையோட அடையாளம். யாருப்பா அந்தப் புள்ள?"

அந்த அம்மாள் வந்த பிறகு அந்தப் பெயரை அறிக்கையில் எழுதியிருக்கிறார், ஆனால் இதுவரை வாயால் சொன்னதில்லை. "சுபலெட்சுமின்னு பேரு. உன் வயசுதான்."

அவள் தலையாட்டினாள். அவர் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கைக்குட்டையை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். மச்சம் முதலில் கரைந்து ஒரு ரூபாய் அளவு நீலமாகப் பரவியது. இன்னும் துடைத்தார், அழுத்தித் துடைத்தார், வலிக்குதுப்பா என்றாள், அந்தச் சொல் அவருக்கு எவ்வளவு நன்றாக இருந்தது. நீலம் போய்த் தோல் சிவந்து, சூடாக, கீழே ஒரு நரம்பு விட்டு விட்டுத் துடிப்பது தெரிந்தது. அங்கே வேறு ஒன்றும் இல்லை.

ரோஸ்லின் டீச்சர் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "என்ன சார், நீங்களே வந்துட்டீங்க. மச்சம் இருக்கா, இல்லையா?"

"இல்ல டீச்சர்," என்றார் தவசிலிங்கம். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டார், வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

டீச்சர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வேறு படிவம் ஒன்றை உருவிக் கொடுத்தார். மகள் கையிலிருந்த பழையதை அவர் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது ஏறக்குறைய தெரிந்துவிட்டது, புளியமரத்தைத் தாண்டி சுபலெட்சுமியின் அம்மா இருக்கிற கிராமத்துக்கும் பஸ் போகிறது, அன்றைக்குப் போனில் விழுங்கிய சொல்லை அங்கே போய்ச் சொல்ல வேண்டும். அது பிறகு. இப்போது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வராந்தா பெஞ்சில் மகளைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்து, மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார். அடையாளம் இரண்டு வேண்டும். தோழிகள் பார்க்கிறார்கள் என்று அவள் கூச்சத்தில் நெளிந்தாள். அவர் விடவில்லை, நிதானமாகத் தேடினார்.